மாந்தோலா, அன்னாசிச் சக்கையா, தக்காளிச் சக்கையா: வளரும் முயல் குட்டிகளுக்கு எதைத் தேர்வது?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கூழ் ஆலைகள் முழு வேகத்தில் ஓடும் நாட்களில், பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கமாகப் போகிறவர்களுக்கு ஆலை இருக்கும் இடத்தை யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. பழுத்த மாம்பழத்தின் மணமும், அதோடு சேர்ந்து கள் புளித்தது போன்ற ஒரு வாடையும் காற்றிலேயே வந்துவிடும். அந்தப் புளித்த வாடைக்குக் காரணம் ஆலைக்குப் பின்புறம் குவிந்து கிடக்கும் தோலும் கொட்டையும்தான். இந்தப் பக்கத்தில் பெங்களூரா என்று சொல்லப்படும் தோத்தாபுரி மாம்பழமே கூழுக்கு அதிகம் போகிறது. பழத்தின் எடையில் தோல் மட்டும் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் வரும் என்பதால், நாளொன்றுக்கு 100 டன் பழம் அரைக்கும் ஆலையிலிருந்து 15 டன்னுக்குக் குறையாமல் தோல் வெளியேறுகிறது. மாடு வைத்திருப்பவர்கள் ஓரளவு ஏற்றிக்கொண்டு போகிறார்கள்; மீதி குழியில் கொட்டப்படுகிறது.

முயல் வளர்ப்பில் செலவின் பெரும்பகுதி தீவனத்துக்கே போகும் நிலையில், இந்தக் குவியலைப் பார்க்கும் எவருக்கும் "இதைக் குட்டிகளுக்குக் கொடுக்கலாமா?" என்ற கேள்வி எழுவது இயல்பு. கொடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் எந்தக் கழிவை, எந்த வடிவத்தில், எந்த வயதில், எவ்வளவு என்ற நான்கையும் சேர்த்து முடிவு செய்யாவிட்டால், தீவனத்தில் மிச்சம் பிடித்த பணம் செத்த குட்டிகளோடு மண்ணுக்குள் போய்விடும். இக்கட்டுரை மாந்தோல், மாங்கொட்டைப் பருப்பு, அன்னாசிக் கழிவு, தக்காளிச் சக்கை, வாழைத்தோல் ஆகியவற்றை முதன்மையாகவும், திராட்சை, ஆப்பிள் சக்கைகளைச் சுருக்கமாகவும் ஒப்பிடுகிறது. தாய் முயல்களுக்கோ கிடா முயல்களுக்கோ அல்ல, ஐந்து வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து, பன்னிரண்டு பதின்மூன்று வாரத்தில் இறைச்சிக்கு விற்கும் வளரும் குட்டிகளுக்கு மட்டுமே இந்த ஒப்பீடு பொருந்தும்.

முயலின் குடலை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்

பழக் கழிவுகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் புரதம் எவ்வளவு, விலை எவ்வளவு என்ற இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மாட்டுக்கு அது ஓரளவு போதும். முயலுக்குப் போதாது. முயலுக்கு அசைபோடும் வயிறு கிடையாது. நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதன் குடலின் பின்பகுதியில், குருட்டுக்குடல் எனப்படும் பெரிய பையில் வாழ்கின்றன. அங்கே நொதித்ததை இரவிலும் விடியற்காலையிலும் மென்மையான புழுக்கையாக வெளியேற்றி, ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்து விழுங்கி, நுண்ணுயிர்ப் புரதத்தையும் பி வகை வைட்டமின்களையும் முயல் மீட்டுக்கொள்கிறது. காலையில் கூண்டுக்கடியில் நாம் காண்பது அதன் பிறகு வரும் கடினமான உருண்டைப் புழுக்கையை மட்டுமே.

இந்த அமைப்பு சீராக ஓடுவதற்கு இரண்டு வகை நார் தேவைப்படுகிறது. எளிதில் செரிக்காத மரத்தன்மையுள்ள நார், குடலைத் தள்ளி நகர்த்திக்கொண்டே இருக்கும். பெக்டின் போன்ற எளிதில் கரையும் நார், குருட்டுக்குடல் நுண்ணுயிர்களுக்கு உணவாகும். இவற்றுக்குப் பகையாக நிற்பது மாவுச்சத்து. புதிதாகப் பால் மறந்த குட்டியின் கணையம் மாவுச்சத்தை உடைக்கும் நொதியை இன்னும் போதுமான அளவில் சுரக்கத் தொடங்கியிருக்காது. ஆகவே செரிக்காத மாவு அப்படியே குருட்டுக்குடலுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே கிளாஸ்ட்ரிடியம் போன்ற தீய நுண்ணுயிர்கள் பெருக வழிவிடுகிறது. ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள் குட்டிகள் திடீரெனக் கழிந்து சாவதில் இந்தக் காரணம் பெரும்பங்கு வகிக்கிறது. அதனால்தான் வளரும் குட்டிகளின் தீவனத்தில் புரதம் 15 முதல் 16 சதவீதமும், நார்ச்சத்து 14 முதல் 16 சதவீதமும் இருக்க வேண்டும் என்று சொல்லும்போது, இரண்டாவது எண்ணை முதலாவதைவிட ஒரு படி மேலாகவே நான் மதிக்கிறேன். புரதம் ஒரு சதவீதம் குறைந்தால் குட்டி மெதுவாக வளரும். நார் நான்கு சதவீதம் குறைந்தால் குட்டியே இருக்காது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கழிவாகப் பார்ப்போம்.

மாந்தோல்: சர்க்கரையும் பெக்டினும், கூடவே தண்ணீரும்

ஆலையிலிருந்து வரும் பச்சைத் தோலில் 75 முதல் 80 சதவீதம் தண்ணீர். உலர்த்திய பின் மிஞ்சுவதில் சர்க்கரையும் பெக்டினும் மிகுதி. புரதம் 5 சதவீதத்தை ஒட்டி மட்டுமே. மாவுச்சத்து நன்கு பழுத்த பழத்தின் தோலில் குறைவு என்பது முயலைப் பொறுத்தவரை இதன் பெரிய நற்பண்பு. சர்க்கரையில் பெரும்பங்கு சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு விடுகிறது. பெக்டின் குருட்டுக்குடலுக்குப் போய் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. வெளிநாடுகளில் முயல் தீவனத்தில் சர்க்கரை எடுக்கப் பயன்படும் சுகர்பீட் கிழங்கின் சக்கை எந்த வேலையைச் செய்கிறதோ, அதற்கு நெருங்கிய வேலையை மாந்தோல் செய்யும். சுவையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கலவையில் தோலிருந்தால் குட்டிகள் தட்டை நக்கி வைத்துவிடும்.

குறைகளும் உண்டு. டானின் என்னும் துவர்ப்புப் பொருள் ஓரளவு உள்ளது. மரத்தன்மையுள்ள நார் போதுமான அளவில் இல்லை, ஆகவே குடலைத் தள்ளும் வேலையை இது தனியாகச் செய்யாது. தோட்டத்தில் தெளித்த பூச்சிமருந்தின் எச்சம் பழத்தில் வேறெங்கையும்விடத் தோலில்தான் தங்கும் என்பதால், பழத்தைக் கழுவிய பின் உரிக்கும் ஆலையிலிருந்து மட்டுமே தோலை வாங்குவது நல்லது. சந்தையில் ஒதுக்கப்பட்ட அழுகல் பழத்தைத் தோலோடு கொண்டுவந்து போடுவதை இதோடு ஒன்றாக எண்ணக்கூடாது.

இவையெல்லாவற்றையும்விடப் பெரிய குறை தண்ணீர்தான். முயல் வளர்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், காலையில் ஆலையிலிருந்து கொண்டுவந்த தோலை மாலை ஆறு மணிக்கு, வெயில் தாழ்ந்த பிறகு போடலாம் என்று சாக்கிலேயே வைத்திருந்தேன். மாலையில் சாக்குக்குள் கையை விட்டபோது நடுப்பகுதி வெதுவெதுப்பாக இருந்தது. நுரை கட்டிய சாறு விரல்களில் ஒட்டியது. அதன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. ஆறு வாரக் குட்டிகள் ஆவலோடு தின்றன. மூன்றாம் நாள் காலையில் ஒரு கூண்டில் நான்கு குட்டிகள் மூலையில் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தால் வயிறு பறை போல விறைத்திருந்தது. காதோரம் பிடித்தபோது பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது. வலி தாங்காத முயல் அப்படித்தான் கடிக்கும். நான்கும் பிழைக்கவில்லை. தோல் கெட்ட தீவனம் அல்ல, புளித்த தோல்தான் கெட்ட தீவனம் என்பதை அந்தக் கூண்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஆகவே பச்சைத் தோலா, உலர்ந்த தோலா என்ற கேள்வியில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை: வளரும் குட்டிக்கு உலர்ந்த தோல் மட்டுமே. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஆலைகள் ஓடும் மே, ஜூன், ஜூலை மாதங்கள் கோடையும் அதன் வாலுமாக இருப்பவை. சமவெளியில் அந்த வெயிலில் கிடாவின் விந்துத்தரம் குறைகிறது, தாய் முயல் சரியாகச் சினைபிடிப்பதில்லை, இருக்கும் குட்டிகளும் குறைவாகத் தின்கின்றன. கொட்டில் நிறையக் குட்டிகள் இருப்பது மழைக்காலத்திலும் மார்கழி, தை மாதங்களிலும்தான். தோல் கிடைக்கும் பருவமும் குட்டி வளரும் பருவமும் பொருந்தாத இடத்தில், சேமித்து வைக்க முடியாத பச்சைத் தோலால் யாருக்குப் பயன்?

தேவை எவ்வளவு என்று கணக்கிட்டால் முடிவு எளிதாகும்

ஐந்து வாரத்தில் 600 கிராம் இருக்கும் குட்டி, பன்னிரண்டு பதின்மூன்று வாரத்தில் 1.8 முதல் 2 கிலோ வரை வளர்வதற்கு, பசுந்தீவனத்தையும் உலர்ந்த எடையாக மாற்றிக் கணக்கிட்டால், ஏறக்குறைய 5 கிலோ தீவனம் தின்னும். அதில் 15 சதவீதம் உலர்ந்த மாந்தோல் என்று கொண்டால், தொடக்க வாரத்தில் கொடுக்காமல் விடுவதையும் கழித்து, குட்டிக்கு முக்கால் கிலோவுக்கும் குறைவாகவே தேவைப்படும். 20 தாய் முயல்கள் வைத்து ஆண்டுக்கு 400 குட்டிகள் விற்பவருக்கு, குட்டிக்கு 700 கிராம் வீதம், 280 கிலோ உலர்ந்த தோல் போதும். 80 சதவீதம் தண்ணீருள்ள ஒரு டன் பச்சைத் தோலை 10 சதவீத ஈரத்துக்கு உலர்த்தினால் சுமார் 220 கிலோ கிடைக்கும். ஆக, ஓர் ஆண்டு முழுவதற்குமான தேவை ஒன்றேகால் டன் பச்சைத் தோல், அதாவது ஒரு டிராக்டர் சுமைக்குள் அடங்குவது.

இந்த எண்ணை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. நாள்தோறும் ஆலைக்கு வண்டி விடுவதும், ஆலை மேலாளரோடு ஒப்பந்தம் பேசுவதும், தொட்டி கட்டுவதும் சிறு முயல் பண்ணைக்குத் தேவையே இல்லை. தென்மேற்குப் பருவமழை வலுப்பதற்கு முன், வானம் தெளிவாக இருக்கும் நான்கு நாட்களைத் தேர்ந்து, ஒரே தடவையில் ஒரு சுமையை ஏற்றி வந்து உலர்த்தி முடித்துவிடலாம். மாடு வைத்திருப்பவரின் கணக்கு வேறு. அவருக்கு அது பல டன் தேவைப்படும் விஷயம், அவர் சைலேஜ் எனப்படும் ஊறுகாய்ப் புல் முறைக்குப் போவது சரி. தோலை நறுக்கிய சோளத்தட்டையோடு சேர்த்துக் காற்றுப் புகாமல் அமுக்கி மூடினால் மாட்டுக்கு நல்ல தீனியாகும். ஆனால் திறந்த சைலேஜ் மூட்டையை ஒரு சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். நாற்பது குட்டிகள் தின்று தீர்க்கும் வேகத்தில் அது பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே முயலுக்குச் சைலேஜ் ஒத்துவராது என்பது என் கணிப்பு.

உலர்த்துவதில் இரண்டு செய்திகள் போதும். அன்று காலையில் உரித்த தோலை அன்றே பரப்ப வேண்டும், விரலளவு கனத்துக்கு மேல் குவியக்கூடாது. கொட்டையும் கூழ்ச் சக்கையும் கலந்திருந்தால் பரப்பும்போதே பொறுக்கிவிட வேண்டும். சிமெண்ட் களத்திலோ கறுப்புத் தார்ப்பாயிலோ போட்டு, பகலில் இரண்டு மூன்று தடவை கிளறி, மாலையில் பனி படாமல் மூடிவைத்தால் நல்ல வெயிலில் மூன்று நான்கு நாட்களில் காய்ந்துவிடும். காய்ந்ததா என்று அறிய, தோலின் கனத்த இடத்தைப் பார்த்து, அதாவது காம்புப் பக்கத் துண்டாகப் பார்த்து எடுத்து இரு கைகளாலும் மடக்கிப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் சேமிக்கலாம். தோல்வார் போல வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இன்னொரு நாள் வெயில் வேண்டும். சர்க்கரை மிகுந்த பொருள் என்பதால், சரியாகக் காயாத தோல் அரைவை மில்லில் சல்லடையை அடைத்துக்கொள்ளும், காய்ந்த தோலும் ஐப்பசி மழையில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். காய்ந்த கையோடு கோதுமைத் தவிட்டில் பாதிக்குப் பாதி கலந்து அரைத்து, உள்ளே பாலித்தீன் பை போட்ட சாக்கில் இறுகக் கட்டி, தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்கினால் தைமாதம் வரை நிற்கும். அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சுக்கு மிக எளிதில் ஆட்படும் விலங்குகளில் முயலும் ஒன்று. பச்சையாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்து நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே கூடாது. மூட்டையோடு எருக்குழிக்குப் போக வேண்டும்.

கொட்டைப் பருப்பின் மேல் ஆசை வேண்டாம்

தோலோடு சேர்ந்து வரும் மாங்கொட்டையை உடைத்தால் கிடைக்கும் பருப்பைப் பற்றி ஆர்வமாகக் கேட்பவர்கள் பலர். உலர்ந்த பருப்பில் பாதிக்கு மேல் மாவுச்சத்து, 7 முதல் 12 சதவீதம் வரை கொழுப்பு. எரிசக்தியில் மக்காச்சோளத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் மேலே சொன்ன குடல் கணக்கில் வைத்துப் பார்த்தால், இது குட்டிக்கு வேண்டாததைக் கூட்டி வேண்டியதைக் குறைக்கிறது. மாவுச்சத்து மிகுதி, நார் குறைவு. அதற்கு மேல் டானின். நாக்கில் வைத்தால் வாய் முழுவதும் இழுத்துப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு, தீவனத்திலுள்ள புரதத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு செரிக்க விடாது. ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுக் காயவைத்தால் டானின் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஓட்டை உடைக்கும் கூலி, விறகு, காயவைக்கும் நாள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், மக்காச்சோளத்தின் விலையைவிட அது மலிவாக முடிவதில்லை. வளரும் குட்டிகளுக்கு மாங்கொட்டைப் பருப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அன்னாசி, தக்காளி, வாழை

மாந்தோல் கிடைக்காத இடங்களில், அல்லது அதோடு சேர்த்துக்கொள்ள, என்னென்ன உண்டு?

அன்னாசிக் கழிவு கேரளத்து வாழக்குளம் பக்கம் ஏராளம். தமிழ்நாட்டில் கொல்லிமலை அன்னாசிக்குப் பேர் போனதென்றாலும் பெரிய அளவில் சாறு பிழியும் ஆலைகள் குறைவு. தோலும் நடுத்தண்டும் சக்கையும் சேர்ந்து பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிவாகிறது. இதன் புரதமும் மாந்தோலைப் போலவே குறைவு, ஆனால் நார் கணிசமாகக் கூடுதல். அந்த நாரில் மரத்தன்மை மிதமாகவே இருப்பதால் முயலின் குருட்டுக்குடல் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொள்ளும். நாரை மட்டும் வைத்து ஒப்பிட்டால் அன்னாசி மாந்தோலை வெல்லும் என்றே சொல்வேன். தோற்பது உலர்த்தும் களத்தில்தான். ஈரம் 85 சதவீதத்தை ஒட்டி இருப்பதாலும், தண்டும் தோலும் தடித்த துண்டுகளாக வருவதாலும், நறுக்காமல் காயாது. நறுக்கும்போது அதன் புளிப்புச் சாறு கையை அரித்துவிடும். சோளத்தட்டை நறுக்கும் இயந்திரம் வைத்திருப்பவருக்கு இது நல்ல தேர்வு. பருவம் என்று ஒடுங்காமல் ஆண்டின் பெரும்பகுதியும் கிடைப்பதால் சேமிப்புச் சிக்கலும் குறைவு. உலர்ந்த அன்னாசிக் கழிவை மாந்தோலைப் போலவே 15 சதவீதம் வரை தயங்காமல் சேர்க்கலாம்.

தக்காளியைச் சமையலறையில் காய் என்று வைத்தாலும் செடியின் கணக்கில் அது பழந்தான். இராயக்கோட்டைச் சந்தையில் விலை விழும் காலத்தில், கிருஷ்ணகிரிப் பகுதியில் மாம்பழம் ஓடி முடித்த ஆலைகளில் சில தக்காளி விழுதுக்கு மாறுகின்றன. அப்போது கிடைக்கும் தோலும் விதையும் சேர்ந்த சக்கையைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. இக்கட்டுரையில் சொல்லப்படும் கழிவுகளிலேயே சத்து மிகுந்தது அதுதான் என்பது என் உறுதியான கருத்து. உலர்ந்த தக்காளிச் சக்கையில் புரதம் 17 முதல் 22 சதவீதம் வரை இருக்கும். விதையில் எண்ணெய் உண்டு. தோலில் முயலின் குடலைத் தள்ளும் கடின நார் நிறைய. மாந்தோலில் எது குறையோ அது இதில் நிறைவு. இரண்டையும் சமமாகச் சேர்த்தால் கலவையின் புரதம் 12 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும், கடலைப் பிண்ணாக்கின் தேவை கணிசமாகக் குறையும். ஆனால் கெடும் வேகத்தில் மாந்தோலைவிடத் தக்காளிச் சக்கை மோசம். வரத்தும் நிச்சயமில்லை, விலை ஏறிய ஆண்டில் ஆலைப் பக்கம் தக்காளியே வராது. கிடைக்கும்போது உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இதை நம்பிக் கலவைத் திட்டத்தை அமைக்காதீர்கள். வேறு ஒரு செய்தி: தக்காளிச் செடியின் இலையும் தண்டும் முயலுக்கு ஆகாதவை, சக்கையோடு அவை கலந்து வந்தால் நீக்கிவிட வேண்டும்.

வாழைக்காய்ச் சிப்ஸ் போடும் கூடங்களிலிருந்து வரும் நேந்திரந் தோல், நாகர்கோவில், கோவை பக்கத்தில் இருப்பவர்களுக்கு நாள்தோறும் கைக்கெட்டுவது. காயின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோல்தான். புரதம் 6 முதல் 8 சதவீதம், மாந்தோலைவிடச் சற்று மேல். ஆனால் பழுக்காத காயின் தோல் என்பதால் மாவுச்சத்தும் டானினும் உண்டு, பொட்டாசியம் மிக அதிகம். பொட்டாசியம் மிகுந்தால் முயல் கூடுதலாகத் தண்ணீர் குடித்துக் கூடுதலாகச் சிறுநீர் கழிக்கும். கூண்டுக்கடியில் ஈரமும் அம்மோனியா வாடையும் கூடிச் சளித்தொல்லைக்கு வழிவிடும். ஆகவே உலர்த்தி அரைத்து 10 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. மாந்தோலும் அன்னாசியும் கிடைக்காத இடத்தில் மட்டும் நான் இதற்குப் போவேன்.

திராட்சைச் சக்கை கம்பம் பள்ளத்தாக்கில் நிறையக் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே விளைவது பெரும்பாலும் தின்பதற்கான பன்னீர்த் திராட்சை. சாறும் மதுவும் பிழியும் ஆலைகள் குறைவு. கிடைத்தாலும் விதையின் மரத்தன்மையும் டானினும் சேர்ந்து, தாளில் காணும் 11, 12 சதவீதப் புரதத்தில் பெரும்பகுதியை முயலுக்குக் கிடைக்காமல் செய்துவிடும். வெறும் நாருக்காக 5 சதவீதம் சேர்க்கலாம், அவ்வளவே. ஆப்பிள் சக்கை பெக்டினில் மாந்தோலுக்கு அண்ணன் என்று சொல்லத்தக்கது. ஆனால் அது இமாசலப் பிரதேசம், காஷ்மீர்க்காரர்களின் வாய்ப்பு. அங்கிருந்து லாரி வாடகை கொடுத்து வரவழைப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

கலவை எப்படி அமையும்

கிருஷ்ணகிரிச் சூழலில் என் தேர்வு உலர்ந்த மாந்தோல், 15 சதவீதம். அதை எதோடு சேர்ப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஏற்கெனவே கொடுத்துவந்த, தானியமும் தவிடும் பிண்ணாக்கும் கலந்த அடர்தீவனத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தோலை நிரப்பினால், 16 சதவீதம் இருந்த புரதம் 14 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். வளர்ச்சி ஒரு வாரம், பத்து நாள் பின்தங்கும். எடுக்க வேண்டியது மக்காச்சோளத்தின் ஒரு பகுதியை. கூட்ட வேண்டியது பிண்ணாக்கையும் பயறுவகைத் தழையையும்.

உலர்ந்த எடையில் 100 கிலோ கலவைக்கு மாந்தோல் 15, மக்காச்சோளம் 14, கோதுமைத் தவிடு 24, கடலைப் பிண்ணாக்கு 12, வேலிமசால் என்னும் பயறுவகைத் தீவனத் தழை 32, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1 என்று எடுத்தால், புரதம் 16 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், நார் 14 சதவீதத்தைத் தொடும். வேலிமசாலை உலர்த்தித்தான் போட வேண்டும் என்பதில்லை. வெட்டி ஓரிரு மணி நேரம் வாடவிட்டுப் பசுந்தழையாகக் கூண்டில் கட்டித் தொங்கவிடலாம். அப்போது எடையை ஏறத்தாழ நான்கு மடங்காகக் கணக்கிட வேண்டும். வேலிமசால் இல்லாதவர்கள் குதிரைமசாலையோ, நிலக்கடலைக் கொடியை நன்றாகக் காயவைத்தோ பயன்படுத்தலாம். அகத்தியில் புரதம் அதிகம், நார் குறைவு. முழுவதும் அகத்தியாக மாற்றினால் நார்க் கணக்கு இடிக்கும், பாதிவரை போகலாம். கடலைப் பிண்ணாக்கைப் புதிதாக ஆட்டியதாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் பூஞ்சை நஞ்சு நம் கொட்டிலுக்குள் நுழைவது பெரும்பாலும் அந்த மூட்டை வழியாகத்தான்.

அரைத்த கலவையைத் தூளாக வைத்தால் குட்டி தும்மும், பாதியைக் கீழே கிண்டிவிடும். வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்குத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து கொடுக்கலாம். மாந்தோலிலுள்ள பெக்டின் இங்கே ஒட்டுப் பசையாகவும் உதவுகிறது. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தட்டில் மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். ஈரம் பட்ட சர்க்கரை புளிக்க அதிக நேரம் பிடிக்காது.

தாயிடமிருந்து பிரித்த பிறகு முதல் பத்து நாட்களுக்குத் தோல் கலவையே வேண்டாம். அந்த நாட்களில் தாயோடு இருக்கும்போது எதைக் கொறித்ததோ அதையே தொடர வேண்டும். அதன் பிறகு 5, 10, 15 சதவீதம் என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் நான்கைந்து நாள் இடைவெளி விட்டு ஏற்ற வேண்டும். காலையில் கூண்டுக்கடியில் குனிந்து பார்க்கும் பழக்கம் எந்த அட்டவணையையும்விடப் பயன் தரும்: உருண்டையாக, உலர்ந்து, ஒரே அளவில் இருந்தால் நல்லது, புழுக்கை சிறுத்துச் சங்கிலிபோல ஒட்டிக்கொண்டு வந்தால் நார் போதவில்லை அல்லது தண்ணீர் போதவில்லை, பின்காலில் ஈரமாகப் பிசுக்கு ஒட்டியிருந்தால் அன்றே தோல் கலவையை நிறுத்திவிட்டு, இரண்டு நாள் காய்ந்த தழையும் தண்ணீரும் மட்டும் கொடுத்து, குறையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பணக் கணக்கை உள்ளபடியே வைக்கிறேன். அடர்தீவனத்துக்குப் பதில் தோலைச் சேர்ப்பதால், பிண்ணாக்குக்குக் கூடுதலாகப் போவதைக் கழித்த பிறகு, கிலோவுக்கு 15 ரூபாய் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். குட்டிக்கு 700 கிராம் என்றால் மிச்சம் பத்து ரூபாய்க்குச் சற்று மேல். 400 குட்டிகளுக்கு நான்காயிரத்துச் சொச்சம். ஒரு முயல் 450 ரூபாய்க்கு விற்கிறது என்றால், கூடுதலாகச் சாகும் ஒவ்வொரு குட்டியும் நாற்பதுக்கு மேற்பட்ட குட்டிகளில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடுகிறது. பத்துக் குட்டிகள் கூடுதலாகச் செத்தால் முழு ஆண்டு உழைப்பும் வீண். சதவீதத்தை 25, 30 என்று ஏற்றிவிட்டால் மிச்சம் இரட்டிக்குமே என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் விடை. மிச்சம் இரட்டிக்கும், ஆனால் புரதத்தை ஈடுகட்டப் பிண்ணாக்கும், நாரை ஈடுகட்டத் தழையும் அதற்கேற்ப ஏற வேண்டியிருக்கும், ஒரு நாள் கலவை தவறினால் விழும் அடியும் இரட்டிக்கும்.

தொடங்குபவர்கள் கொட்டில் முழுவதற்கும் ஒரே நாளில் மாற்றிவிடாமல், ஒரு தாயின் ஈற்றை இரண்டாகப் பிரித்து, பாதிக் குட்டிகளுக்குப் பழைய தீவனத்தையும் பாதிக்குத் தோல் கலவையையும் கொடுத்து, வாரம் ஒருமுறை ஒரே கிழமையில், காலையில் தீனி போடும் முன் எடை போட்டுக் குறித்து வைப்பது நல்லது. மளிகைக்கடைத் தராசே போதும். இப்படி நான்கைந்து ஈற்றுகளைப் பார்த்துவிட்டால், உங்கள் களத்தில் காய்ந்த தோலும் உங்கள் ஊர்த் தழையும் சேர்ந்த கலவை என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். நாளொன்றுக்கு 20 கிராமுக்குக் குறையாமல் இரு பாதியும் ஏறி, சாவிலும் வேறுபாடு இல்லாவிட்டால், அடுத்த மே மாதக் கடைசியில் டிராக்டருக்குச் சொல்லி வைக்கலாம்.